எண்ணிக் கண்ட உண்மை

எண்ணுதல் என்னும் சொல் தமிழிலே கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். உளநலப் பணிக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதற்கு இலங்கையின் அண்மைக்கால வரலாறே சான்று பகர்கின்றது.

துயருற்றோருக்குச் செவிசாய்க்கும் சுமித்திரயோ என்னும் தொண்டு அமைப்பு 1974ஆம் ஆண்டிலே கொழும்பில் தோன்றியது. பாமன்கடையிலோ வெள்ளவத்தையிலோ அமர்ந்து ஒருவர் குறையைக் கேட்கும் ஆலோசகர், அந்த ஒருவரின் உள்ளத்தை நன்கு அறியலாம். ஆனால், நாடு முழுவதிலும் தற்கொலை பெருகுவதும் குறைவதும் எதனால் என்பதை அவ்வறையிலிருந்து அறிதல் இயலாது. அதற்கு வேறொரு முறை வேண்டும்.

1950 தொடங்கி 1995 வரை இலங்கையின் தற்கொலை வீதம் ஏறத்தாழ எட்டு மடங்காகி, இலட்சம் பேருக்கு 47 என்னும் உச்சத்தைத் தொட்டது. வயலுக்கென வந்த பூச்சிநாசினிகளே பல இறப்புகளுக்கு ஏதுவாயின. அவற்றுள் கடும் நச்சுத்தன்மை வாய்ந்தவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் அரசு 1995இலும் 1998இலும் கட்டுப்படுத்தியது. 2005ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் பாதியாயிற்று.

தடைக்குப் பின் குறைந்தமையால், தடையால்தான் குறைந்தது என்றாகுமா? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாமன்றோ? இவ்வினாவை டேவிட் கன்னல், ரவீந்திர பெர்னாண்டோ, மைக்கேல் எடில்ஸ்டன் முதலிய ஆராய்ச்சியாளர் எடுத்துக்கொண்டனர். 2007இல் வெளியான அவர்களது ஆய்வு, வேலையின்மை, மதுப் பழக்கம், மணமுறிவு, போர்க்கால ஆண்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கியது. அவை எவையும் அவ்வீழ்ச்சியோடு பொருந்தவில்லை; தடை வந்த ஆண்டுகளே பொருந்தின. 1986 முதல் 1995 வரையுள்ள பத்தாண்டோடு ஒப்பிடுமிடத்து, அடுத்த பத்தாண்டில் தற்கொலை இறப்புகள் 19,769 குறைந்திருந்தன.

இன்னொரு கணக்கும் உண்டு. நஞ்சுண்டு வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை அவ்வாறு குறையவில்லை. நாட்டில் மனத்துயர் நீங்கிவிடவில்லை. துயரின் கொடிய பொழுதைக் கடந்து பலர் உயிர் பிழைத்தனர் என்பதே இதன் பொருள். அவ்வாறு பிழைத்தவரின் குறையைக் கேட்டு ஆற்றும் பணி மீண்டும் ஆலோசகரையே சேர்கின்றது.

உளநலப் பணியாளர் ஆராய்ச்சி முறைகளைக் கற்க வேண்டுவது இதனாலேயே. ஒப்பிடவும், பிற காரணங்களை ஆராய்ந்து விலக்கவும், தம் முடிவைத் தாமே ஐயுறவும் பயின்றவர், ஒருவர் கதையைக் கொண்டு ஊர் முழுவதற்கும் தீர்ப்புக் கூறார். ஊர்க் கணக்கைக் கொண்டு எதிரே அமர்ந்திருப்பவரை அளக்கவும் மாட்டார்.