முகவையும் அணுவும்

முகவை மண்ணையும் அணுவையும் சேர்த்துச் சொன்னால், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் 1998 பொக்ரான் சோதனையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அதற்கு நூறாண்டு முன்பே அம்மண்ணுக்கு அணுவோடு இன்னொரு தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. 1898-இல் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். அதற்குப் பொருளுதவி செய்தவர், சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்.

மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் ஆசீவகர் ஒருவர் தம் கொள்கையை எடுத்துரைக்கிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணுக்கள் ஐவகை. அவை புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதும் இல்லை. ஒன்று இரண்டாகப் பிளவுபடாது. அவலைப்போல் தட்டையாகப் பரவாது. நீரணு நிலவணுவாக மாறாது. ஒன்று, முக்கால், அரை, கால் என்னும் அளவுகளில் கூடிப் பொருள்களாகின்றன. மிகுந்து நிற்கும் அணுவால் பொருள் பெயர் பெறுகிறது. தனியணு நம் கண்ணுக்குத் தெரியாததேன்? மாலை மங்கலில் ஒற்றை மயிர் புலப்படாது, மயிர்த்திரள் புலப்படும் என்பது விடை.

இதைக் கண்டவுடன் டால்டனை நம்மவர் முந்திவிட்டார் என்று முழங்கும் ஆசை எழலாம். அது பொருந்தாது. 1808-இல் டால்டன் வெளியிட்ட கொள்கைக்குப் பின்னால் தராசும் நிறுத்தறிந்த எடைகளும் இருந்தன. ஆசீவகரிடமும் கிரேக்கத்து டெமாக்ரிடசிடமும் இருந்தவை கூர்த்த கவனிப்பும் தருக்கமுமே. ஆசீவகர் உயிரையும் அணுவென எண்ணினர். அதை வேதியியலுக்குள் அடக்க இயலாது.

அப்பதிப்பு வெளிவந்த காலத்தையும் நாம் கருத வேண்டும். 1897-இல் தாம்சன் அணுவினும் சிறிய எலெக்ட்ரானைக் கண்டறிந்திருந்தார். 1919-இல் ரூதர்போர்டு நைட்ரஜன் அணுவைச் சிதைத்ததை வெளியிட்டார். ஓரணு மற்றோரணுவாகாது என்ற கூற்று வீழ்ந்தது. 1938-இல் யுரேனியம் பிளந்தது; பிளவுபடாது என்ற கூற்றும் வீழ்ந்தது. பகுக்கவியலாதது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் தன் பொருளை இழந்து நிற்க, நுண்மையை மட்டுமே சுட்டும் நம் 'அணு' இன்றும் பழுதின்றி நிற்கிறது.

ஆசீவகரின் சொந்த நூல்கள் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் கொள்கையைத் தமிழில் காத்தவர், அதை ஏற்காத பௌத்தராகிய சாத்தனார். மறுப்பதற்கு முன் எதிராளியின் வாதத்தை அவர் முழுமையாகச் சொல்ல விட்டார். அச்சமயங்களில் எதையும் சாராத ஐயரும் தேவரும் அதனை அச்சேற்றினர். முந்தினோம் என்னும் பெருமையைவிட, உடன்படாத கருத்தையும் சிதைக்காமல் கையளித்த இந்த நேர்மையே நாம் போற்றத்தக்கது.