ஏரி காத்தவர் யார்?

கருங்குழி என்றதும் பலருக்கு வள்ளலார் தண்ணீர் ஊற்றி விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். அது வடலூர்ப் பக்கம். நான் சொல்வது செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில், மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற கருங்குழி. பஸ்ஸில் போகிறவர்கள் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிற ஊர்.

சென்னையிலிருந்து ஊர் பார்க்க வருகிறவர்களிடம் இந்த வட்டாரத்து விசித்திரங்கள் என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். மாமல்லபுரத்தில் சரிவிலே உருளாமல் நிற்கிற வெண்ணெய் உருண்டைப் பாறை. கருங்குழியில் இடிந்த கோட்டை. மதுராந்தகத்தில் வெள்ளைக்காரக் கலெக்டருக்குக் காட்சி கொடுத்த ஏரி காத்த ராமர். வேடந்தாங்கலில் பறவைகள். பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதே இடங்களைச் சேரிப் பக்கத்திலிருந்து நடந்துபோய்ப் பார்த்தால் வேறு விசித்திரங்கள் தெரிகின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கோட்டை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்த கோட்டை இது. 1759இல் கர்னல் கூட் பீரங்கியால் அடித்துப் பிடித்தான். பிறகு ஹைதர் அலியோடு நடந்த போரிலும் இதன் பெயர் அடிபடுகிறது. யார் எப்போது பிடித்தார்கள் என்று வரலாற்றுப் புத்தகங்கள் வரிசையாகச் சொல்லும். எதற்காகப் பிடித்தார்கள்? செங்கல்பட்டுக்கும், ஓரளவு சென்னைக்கும் சோறு போடுகிற நிலம் இந்தக் கோட்டையின் பார்வைக்குள் இருந்தது. வரியைத் தானியமாக வாங்கிய காலம். கோட்டைக்குள்ளே பெரிய பெரிய களஞ்சியங்கள் இருந்ததாக வெள்ளைக்காரர்களின் குறிப்பேடுகளே சொல்கின்றன. அதில் கொட்டிய நெல்லை விதைத்தவன், அறுத்தவன், சுமந்தவன் யார்? படியாள். நெல்லை அளந்து கொட்டிவிட்டு, படிக்கூலி வாங்கி வந்தவன். களஞ்சியத்தை எழுதியவன் அவனை எழுதவில்லை.

கம்பெனி ஜாகீரின் கலெக்டர் கச்சேரி ஒருகாலத்தில் இந்தக் கருங்குழியில்தான் இருந்தது. 1790களில் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ்தான் ஏரி காத்த ராமர் கதையின் நாயகன். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மதுராந்தகம் ஏரிக்கரை மழைக்கு மழை உடைந்துகொண்டிருந்தது. கோயிலில் தாயார் சன்னதி கட்டப் பணம் கேட்டார்கள் பிராமணர்கள். ஏரியையே காப்பாற்ற முடியாத சாமிக்குச் சன்னதி எதற்கு என்றானாம் பிளேஸ். இந்த மழையில் கரை நின்றால் நானே கட்டித் தருகிறேன் என்றும் சொன்னானாம். கொட்டுகிற மழையில் ராத்திரி கரைக்குப் போனான். வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் கரையைக் காத்து நிற்பதைப் பார்த்துச் சேற்றிலே மண்டியிட்டான். சன்னதி எழுந்தது. பிளேஸ் துரையின் தர்மம் என்று கல்லிலும் எழுதியாயிற்று.

மதுராந்தகம் பக்கத்துச் சேரியில் ஒரு தாத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், "ராமன் எங்கப்பா வந்தான்? கரை கசியுதுன்னு தமுக்கு அடிச்சா எங்கப்பனும் பெரியப்பனுந்தான் கோணியத் தலையில போட்டுக்கினு ஓடுவாங்க. ராவெல்லாம் மண்ணு கொட்டுவாங்க. விடிஞ்சா கரையில நிக்கறவன் எறங்கி வா, கோயில் பக்கம் போவாதேம்பாங்க" என்றார்.

இது வெறும் தாத்தா பேச்சு இல்லை. சட்டமே சாட்சி. 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். வெள்ளத்தால் ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் அபாயம் வந்தால், அக்கம்பக்கத்திலுள்ள உழைக்கும் வர்க்கத்து ஆண்களை அதிகாரி வேலைக்கு அழைக்கலாம், மறுத்தால் தண்டனை. வழக்கமாகச் செய்துவந்த பாசன வேலைகளைச் செய்ய வைக்கவும் அதே சட்டம். மிராசுதாரை மண்வெட்டியோடு வா என்று சொல்லவில்லை. 'உழைக்கும் வர்க்கம்' என்று குறிப்பாகவே எழுதினார்கள். செங்கல்பட்டுச் சீமையில் அது யார்? பறையர்களும், நிலமில்லாத ஏழை வன்னியர்களும்தான். கரையை ராமன் காப்பான் என்று சர்க்கார் நம்பியிருந்தால் இந்தச் சட்டம் எதற்கு? ஏரியைக் கவனித்து மடை திறந்த நீர்க்கட்டி யார், எல்லைக்குச் சாட்சி சொன்ன வெட்டியான் யார்? காவல் நம்முடையது, காட்சி மட்டும் ராமனுடையது.

அடுத்து வேடந்தாங்கல். இது இன்னும் பெரிய விசித்திரம். ஏரியில் தங்குகிற பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு எரு. அதே பிளேஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பறவைகளைக் காக்கச் சொல்லிக் கவுல் எழுதிக்கொடுத்தான். 1858இல் அந்த உரிமை மறுபடி உறுதி செய்யப்பட்டது. நல்ல காரியந்தான். பறவை மேல் நமக்கென்ன கோபம்? ஆனால் கணக்குப் பாருங்கள். நாரைக்கும் கொக்குக்கும் இருக்கிற மரம் கவுலாகக் கிடைத்த சீமையில், பறையனுக்கு அவன் குடிசை போட்ட மண்ணுக்குக்கூடக் கவுல் இல்லை. ஒரே ஆண்டு, 1858. பறவைக்கு உரிமை, உழைப்பாளிக்குக் கட்டாய வேலை!

அந்த மண்ணைப் பற்றி எழுதியவர் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர். 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சேரி மனைகூட மிராசுதார் பிடியில் இருப்பதையும், எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டுத் துரத்த முடிவதையும், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை என்பதையும் எடுத்து வைத்தார். 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரிசு நிலம், வேறு சாதிக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏரியைக் காத்தது ராமன் என்பது போலவே, பறையனைக் காத்தது ஒரு துரை என்றும் கதை கட்டிவிடலாம். நம் மேடைகளிலேயே அப்படிப் பேசுகிறோம். மதுராந்தகம் வட்டத்தில் கோழியாளம் என்று ஓர் ஊர். 1859இல் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். அவர் 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார், 1893இல் 'பறையன்' இதழை. அதே 1891இல் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் போட்டார். டிரெமன்ஹீர் எழுதியபோது நம்மவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் என்று 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்ததும் அதே கோழியாளத்துக்காரர்தான். ஊர் பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் கோழியாளத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியாகக் காரணை. மாமல்லபுரத்துப் பக்கத்துக் கிராமம். உருண்டைப் பாறை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை 1994இல் அந்த மக்கள் திரும்பக் கேட்டார்கள். அந்த மண்ணில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். அதிகாரிகள் அதை விட்டுவைக்கவில்லை. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். 1892இல் அரசே கொடுத்ததை 1994இல் அரசிடமே கேட்டதற்குக் குண்டு. மாமல்லபுரத்துச் சரிவில் உருளாமல் நிற்கிற பாறையை விட, இந்த நூறாண்டுக்கு மேலாக நகராமல் நிற்கிற நியாயந்தான் எனக்கு அதிசயமாகப் படுகிறது.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த இடங்களுக்கு வாருங்கள். கேமராவோடு கூட ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள். ஏரிக்கரையில் நிற்கிற பெரியவர்களிடம் கரை உடைந்த ராத்திரிகளைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த ராத்திரிகளும் போய்விடும், ராமன் மட்டும் நிற்பான். பிறகு உங்கள் ஊர்ப் பழைய செட்டில்மென்ட் 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அதில் டி.சி. நிலம் என்று எழுதிய சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, இன்றைய பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒத்துப் பாருங்கள். தாலுகா ஆபீசில் இன்று போ, நாளை வா என்பார்கள். நாளையும் போங்கள். காரணைக்காரர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள்.