பொன்னிக்கு எந்த ஊர்?

இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன அரிசி? பொன்னியா? காவிரியின் பெயரையே வைத்துக்கொண்டிருப்பதால், ராஜராஜ சோழன் காலத்திலிருந்தே தஞ்சாவூரில் விளைகிற சமாசாரம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். பிறந்தது ஒடிசாவில், வளர்ந்தது மலேசியாவில்!

1943 வங்கப் பஞ்சம் கொடுத்த அடியில், 1946-ல் கட்டாக்கில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1950-களில் ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு அதனிடம் ஒரு பெரிய வேலையைக் கொடுத்தது. நம்ம ஊர் நெல்லுக்கு உரம் போட்டால் நெடுநெடுவென்று வளரும். கதிர் முற்றுகிற நேரத்தில் சாய்ந்து படுத்துவிடும். ஜப்பான் வகை குள்ளம். உரத்தைத் தின்றுவிட்டு விறைப்பாக நிற்கும். ஆனால், நம்ம வெயில் அதற்கு ஒத்துக்காது. சரி, இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்தால்? ஆசிய நாடுகள் தங்கள் நெல்லை அனுப்பின. கட்டாக் ஒட்டுச் சேர்த்து, விதையைத் திருப்பி அனுப்பியது.

நம் மாநிலத்துக்கு வந்த விதையிலிருந்து ஆடுதுறை நிலையம் பொறுக்கியெடுத்து 1966-ல் வெளியிட்டதுதான் ஏ.டி.டி. 27. கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24-க்கும் ஜப்பானின் நோரின் 10-க்கும் பிறந்த பிள்ளை. குறுவைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அப்போது தஞ்சை மாவட்டத்தில் அமெரிக்க ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியுடன் 1960-ல் ஆரம்பித்த ‘பேக்கேஜ்’ திட்டம் வேறு நடந்துகொண்டிருந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே பொட்டலமாக. நான் காமர்ஸ் படித்தவன். கணக்கில் விடுபட்ட தலைப்புதான் முதலில் கண்ணில் படும். நாற்று நட்டு, கதிர் அறுக்கிறவர்களின் கூலி அந்தப் பொட்டலத்தில் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறு முற்றி, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

பொன்னிக்கு வருவோம். கட்டாக்கிலிருந்து இன்னொரு விதை மலாயாவுக்குப் போனது. மலாயாவின் மாயாங் எபோஸும் தைவானின் தைச்சுங் 65-ம் சேர்ந்த விதை. அங்கே கொழும்புத் திட்ட உதவியில் வந்திருந்த ஜப்பானிய நிபுணர்கள் அதைத் தேற்றியெடுத்தார்கள். 1965-ல் ‘மசூரி’ என்று பெயர். லங்காவித் தீவுக் கதையில், செய்யாத தப்புக்குக் கொல்லப்பட்ட பெண்ணின் பெயர் அது.

தேதியைக் கவனித்தீர்களா? அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று நாம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள். கையேந்தினோம், வாஸ்தவம். அதே நேரத்தில் கட்டாக்கில் ஒரு சர்க்கார் நிலையம் அக்கம்பக்கத்து நாடுகளுக்கு விதை கொடுத்துக்கொண்டிருந்தது. கப்பல் நம் ஞாபகத்தில் இருக்கிறது, விதைப் பொட்டலம் இல்லை.

மசூரி கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தாள். இங்கே பொன்னி ஆனாள். அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியை கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டது. பேக்கேஜ் கொடுத்த உரத்தையெல்லாம் போட்டால், அவளும் சாய்ந்துதான் படுப்பாள்.