குன்னூரிலிருந்து இறங்கி வந்த குளிர்

கெட்டுப்போன பாலை அடுப்பில் வைத்தால் திரிந்து காட்டிக் கொடுத்துவிடும். மீன் கெட்டால் மூக்கு சொல்லும். மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கும் உருளைக்கிழங்கு அழுகியிருந்தால் மூட்டையைத் தொட்ட கை நனையும். ஆனால் வெப்பத்தால் கெட்ட தடுப்பு மருந்து எதையும் சொல்வதில்லை. அதன் நிறம் மாறுவதில்லை, நாற்றமும் வீசுவதில்லை. செவிலியர் ஊசி போடுவார், குழந்தை அழும், தாய் தேற்றுவாள், அட்டையில் தேதி குறிக்கப்படும். பாதுகாப்பு மட்டும் கிடைத்திருக்காது. அது நோய் வந்த பிறகே தெரியும்.

ஆகவே தடுப்பு மருந்தை ஊர்விட்டு ஊர் அனுப்புவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. குளிரையும் மருந்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. வழியில் அந்தக் குளிர் குறையவில்லை என்று உறுதியாக அறிய வேண்டும் என்பது மற்றொன்று. முதல் சிக்கலுக்கு மனிதன் முன்னரே விடை கண்டான். இரண்டாவதற்கு விடை காண 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த வரலாற்றின் ஒரு பகுதி நம் கொங்கு நாட்டின் வாயிலிலேயே, நீலகிரி மலையில் நடந்தது.

மனிதரே கலமாக

தடுப்பு மருந்து வெப்பத்தில் ஏன் கெடுகிறது? அதன் உயிர்நாடி புரதம். முட்டையின் வெள்ளைக்கருவும் புரதமே. கொதிநீரில் அது உறைந்து வெண்மையாகிவிட்டால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. தடுப்பு மருந்திலும் இத்தகைய மாறுதலே நிகழ்கிறது. ஆனால் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல்.

பெரியம்மைக்கு எட்வர்டு ஜென்னர் கண்ட அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்த கதை இதற்குச் சான்று. பல முயற்சிகள் தோற்றபின், பாக்தாத், பாஸ்ரா வழியாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றிக் குத்தி, அதன் வீரியத்தைக் காத்து பம்பாய்க்குக் கொண்டுவந்தனர். 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்தால் என்னும் 3 வயதுச் சிறுமிக்கு அது குத்தப்பட்டது. மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அம்மைப்பாலைக் கொண்டுசெல்ல, அனாதைச் சிறுவர்கள் 22 பேரைக் கப்பலில் ஏற்றினர். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மனித உடலே மருந்துக் கலமாயிற்று!

மலையேறிய நோயாளிகள்

வெறிநாய்க்கடிக்கு 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். நோய்க்கிருமி ஏறிய முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, அதன் கடுமையைக் குறைத்து, நாள்தோறும் சிறிது கூடுதல் கடுமையுள்ளதை ஊசி மூலம் செலுத்துவது அம்முறை. இம்மருந்தை அன்றன்று பதமாகத் தயாரிக்க வேண்டும். புட்டியில் அடைத்து அஞ்சலில் அனுப்ப முடியாது.

தென்னிந்தியாவுக்கென்று ஒரு பாஸ்டர் நிலையம் 1907இல் குன்னூரில் தொடங்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் 1899இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,500 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6 பாகை குறையும் என்பது பொது விதி. ஆகவே, சமவெளியைவிட குன்னூர் சுமார் 9 பாகை குளிர்ந்தது. மின்சாரக் குளிர்பெட்டிகள் பரவாத அந்நாளில் மலையே குளிர்பெட்டியாக உதவியது.

மருந்து மலையிறங்க முடியாததால் நோயாளி மலையேற வேண்டியிருந்தது. நாய் கடித்தது கோயம்புத்தூரிலானாலும் மதுரையிலானாலும் குன்னூருக்குத்தான் பயணம். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. பயணச் செலவும் நாள் கணக்கும் அன்றைய ஏழைக் குடியானவனுக்கு உயிர்ப் பிரச்சினையாயின.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் பீனால் சேர்த்துக் கிருமியைக் கொன்று செய்யும் மருந்தை உருவாக்கினார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பெரியவர்கள் அஞ்சியது இந்த மருந்தைத்தான். வலி மிகுந்தது, சிலருக்கு நரம்புக் கோளாறும் விளைவித்தது. பிற்காலத்தில் உயிரணு வளர்ப்பு முறை மருந்துகள் வந்ததும் இதனைக் கைவிட்டனர். ஆயினும் ஒரு பெருமை இதற்கு உண்டு: இதைப் புட்டியில் அடைத்துக் குளிரில் வைத்து வெளியூர் மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. மருந்து மலையிறங்கியது.

பனிக்கட்டியின் கணக்கு

குளிரைச் சுமந்து செல்வது அப்போது புதுமையன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர் என்ற வணிகர், ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலில் ஏற்றி 1833இலேயே கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் பெரும்பகுதி கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட ஐஸ் அவுஸ்தான்.

இதன் இரகசியம் இரண்டு. மரத்தூள் போன்ற வெப்பம் கடத்தாப் பொருளால் சுற்றினால் வெளிவெப்பம் உள்ளே நுழையத் தயங்கும். நுழைந்த வெப்பமும் முதலில் பனிக்கட்டியை உருக்கவே செலவாகும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி தேவை. முழுவதும் உருகும்வரை அது சுழிப் பாகையிலேயே நிற்கும். இன்று செவிலியர் தோளில் தொங்கும் தடுப்பு மருந்துப் பெட்டியிலும் இதே தத்துவம்தான்: மரத்தூளுக்குப் பதில் பிளாஸ்டிக் நுரை, நான்கு பக்கமும் பனிப்பொதிகள்.

குளிரைத் துறந்த மருந்து

கிண்டி கிங் நிலையத்தில் தயாரான அம்மைப்பாலுக்கு வெயில் பகையாகவே இருந்தது. 1950களில் இங்கிலாந்தின் லெஸ்லி காலியர், அதனை உறையவைத்து நீரை ஆவியாக்கி உலர்தூளாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தூள் வடிவ மருந்து 37 பாகை வெப்பத்திலும் ஒரு மாதத்துக்கு மேல் கெடவில்லை. பின்னர் கிண்டியிலும் அது தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. 1980இல் உலகம் முழுதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றியில் இத்தூளுக்குப் பெரும் பங்குண்டு.

எல்லா மருந்தும் இவ்வாறு பணியவில்லை. இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து வெப்பத்தை மிகக் குறைவாகவே தாங்கும். முத்தடுப்பு ஊசிக்கோ நேர்மாறான தொல்லை: அது உறைந்தாலும் கெட்டுவிடும். அதில் சேர்ந்துள்ள அலுமினிய உப்பு திரிதிரியாகப் பிரிந்துவிடும். எனவே கிராம நிலையங்களில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. மேலும் கூடாது, கீழும் கூடாது.

சங்கிலியின் கண்ணிகள்

1978இல் இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1985இல் அது அனைவருக்குமான திட்டமாயிற்று. ஆலையிலிருந்து மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு செவிலியரின் கைப்பெட்டி என்று மருந்து கைமாறும் இந்த ஏற்பாட்டுக்குக் குளிர்ச் சங்கிலி என்று பெயர். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வால்பாறைக்கும், பர்கூர் மலைக் குக்கிராமங்களுக்கும் இதே சங்கிலிதான். கண்ணிகளுள் ஒன்று அறுந்தால் மற்றவை அனைத்தும் வீண்.

ஆனால் அறுந்ததை அறிவது எப்படி? பெட்டியில் வெப்பமானி உண்டு. அது இப்போதைய வெப்பத்தைச் சொல்லுமே தவிர, நேற்று மின்சாரம் நின்ற 6 மணி நேரத்தைச் சொல்லாது. இந்த அறியாமை ஆய்வையும் குழப்பியது. சொட்டு மருந்து கொடுத்த குழந்தைக்கும் வாதம் வந்தால் குளிர் குறைந்திருக்கும் என்று பழி சொல்வது எளிதாயிருந்தது. ஆனால் வீரியம் குன்றாத மருந்தைக் கொடுத்தாலும் நம் நாட்டுக் குழந்தைகளில் பலருக்கு மூன்று தவணை போதவில்லை என்பதை வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களில் கண்டறிந்தார். கூடுதல் தவணைகள் தேவை என்ற உண்மை அதனால் புலப்பட்டது. மருந்து கெட்டதா, கெடாத மருந்தே போதவில்லையா என்று பிரித்தறிந்தால்தான் சரியான பரிகாரம் தேட முடியும்.

புட்டியே பேசியது

1996 முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சொட்டு மருந்துப் புட்டிகளில் ஒரு சிறிய வில்லையை இடம்பெறச் செய்தன. ஊதா வட்டம், அதன் நடுவே வெளிறிய சதுரம். சதுரத்தில் பூசிய வேதிப்பொருளின் மூலக்கூறுகள் வெப்பம் பட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கருக்கும். வெப்பம் மிகுந்தால் விரைவாக, குறைந்தால் மெதுவாக. மீண்டும் குளிரில் வைத்தாலும் கருத்தது வெளுக்காது. புட்டி பட்ட வெயிலையெல்லாம் அது கூட்டிக் கணக்கு வைக்கிறது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தை எறிந்துவிட வேண்டும். சொட்டு மருந்தின் வில்லை 37 பாகையில் சுமார் 2 நாளில் அந்நிலையை அடையும். வெப்பத்தை நன்கு தாங்கும் மருந்துகளுக்கு 30 நாள் ஆகும் வில்லை உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைப் பார்த்து முடிவு செய்யலாம். நல்ல மருந்தை ஐயத்தால் எறிவதும் குறைந்தது. கெட்டதை நம்பிக் கொடுப்பதும் குறைந்தது. 1995இல் தொடங்கிய நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள், வெயில் பொழுதிலும் வீதிதோறும் நடக்க இது துணை செய்தது. இந்தியாவின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா அந்நோய் நீங்கிய நாடாகச் சான்று பெற்றது.

இந்த வில்லைக்கும் ஒரு குறை உண்டு. மருந்து உறைந்துபோனால் அது காட்டாது. ஆகவேதான் செவிலியர் பனிப்பொதியை வெளியே எடுத்தவுடன் பெட்டியில் அடுக்குவதில்லை. அது வியர்த்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது பொதி சுழிப் பாகைக்கு வந்துவிட்டது என்று பொருள். முன்னே கண்ட பனிக்கட்டியின் கணக்குதான் இங்கும் வேலை செய்கிறது.

2021 ஜனவரி 16 முதல் கோடிக்கணக்கான பெரியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போட முடிந்தது, குழந்தைகளுக்காகப் பல்லாண்டுகள் பழுதின்றிக் காத்துவந்த இச்சங்கிலி இருந்ததால்தான். அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றால், புட்டியில் உள்ள வில்லையைக் காட்டும்படி கேட்டுப் பாருங்கள். நடுச்சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால், அந்த மருந்து வரும் வழியில் வெயிலுக்குப் பலியாகவில்லை என்று நீங்களே அறியலாம்.