தேய்ந்த வால்வை அறிந்தவர் யார்? கிதார் ஆம்ப்ளிஃபயரின் பழுது வரலாறு

1950களில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் தயாரான ஃபெண்டர் கிதார் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் குனிந்து பார்த்தால், மரப்பெட்டியின் உட்சுவரில் ஒட்டிய ஒரு காகிதம் கண்ணில் படும். கருவியின் மாதிரிப் பெயரும், எந்தச் சாக்கெட்டில் எந்த வால்வு பொருந்தும் என்ற வரைபடமும் அதில் இருக்கும். 1950களின் தொடக்கம் முதல் அக்காகிதத்தில் இரண்டு எழுத்துகள் முத்திரையாகக் குத்தப்பட்டன. முதலெழுத்து ஆண்டையும் இரண்டாவது மாதத்தையும் குறித்தது. இன்று பழங்கருவிச் சேகரிப்பாளர்கள் அவ்விரு எழுத்துகளுக்காகவே அக்காகிதத்தைத் தேடுகின்றனர். ஆனால் அது ஒட்டப்பட்ட நோக்கம் வேறு. உள்ளிருக்கும் வால்வுகள் தேயும், தேய்ந்தவற்றைக் கழற்றி இந்த வரைபடத்தின்படி புதியவற்றைச் செருகிக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளரே வாங்குபவரிடம் ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1904இல் ஃபிளெமிங் ஈர்வாய்க் குழலை அமைத்தார், 1906இல் லீ டி ஃபாரஸ்ட் ஆடியானை உருவாக்கினார், பிறகு டிரான்சிஸ்டர் வந்தது என்ற வரிசையில் வால்வின் கதை சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. பயன்பாடும் பராமரிப்பும்தான் ஒரு பொருளின் உண்மையான வாழ்நாளைக் காட்டும் என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியான நூலில் வாதிட்டார். அவ்வாதத்திற்குக் கிதார் ஆம்ப்ளிஃபயரை விடப் பொருத்தமான சான்று அரிது. ரேடியோவும் தொலைக்காட்சியும் கைவிட்ட வால்வை அது இன்றும் கைவிடவில்லை. எனவே ‘இந்த வால்வு தேய்ந்துவிட்டது’ என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் காலந்தோறும் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதை அதில் தொடர்ச்சியாகப் பின்பற்ற முடிகிறது.

முதலில், தேய்வது எது? வால்வின் நடுவில் உள்ள எதிர்மின்வாயின் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகளின் மெல்லிய பூச்சு இருக்கிறது. உள்ளிழை அதைச் சூடாக்கும்போது பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறி, கம்பிவலையான கிரிட்டைக் கடந்து நேர்மின்வாயை அடைகின்றன. மணிக்கணக்கில் எரிய எரியப் பூச்சின் திறன் குறைகிறது. விளக்குத் திரி கருகுவதைப் போன்றதே இது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக் குழலின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும் திட்டு, எஞ்சிய வாயுவை ஈர்த்துக்கொள்வதற்காக இடப்பட்டது. அது பால்வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, வால்வு இறந்துவிட்டது என்று பொருள். இவ்வளவு தெளிவான அடையாளம் வேறு எந்தக் கோளாறுக்கும் கிடையாது.

லியோ ஃபெண்டர் 1938இல் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை தொடங்கியவர். அவர் கிதார் வாசித்தவரல்லர். பிறர் செய்த கருவிகள் எங்கே கெடும், திறப்பது எவ்வளவு தொல்லை என்பதைத் தன் மேசையில் கண்டவர். அவருடைய ஆம்ப்ளிஃபயர்களில் வால்வுகள் கைக்கெட்டும் இடத்தில் தொங்குவதற்கு அந்த அனுபவம் ஒரு காரணம். மற்றொரு காரணம் பெரியது. கிதாருக்கென்று தனியாக எவரும் வால்வு வடிவமைக்கவில்லை. 1936இல் ஆர்.சி.ஏ. வெளியிட்ட 6எல்6, 1940களில் வந்த 12ஏஎக்ஸ்7 ஆகிய அனைத்தும் ரேடியோ, ஒலிபரப்பு, தொலைக்காட்சித் தொழில்களுக்காகப் பெருமளவில் வார்க்கப்பட்டவை. கிதார்க் கலைஞர் அந்தப் பெருவெள்ளத்தின் ஓரத்தில் நின்று ஒரு குடம் மொண்டுகொண்டார்.

அதனால்தான் அமெரிக்காவில் அக்காலத்தில் வால்வு சோதிக்கும் எந்திரம் மருந்துக்கடையிலும் மளிகைக் கடையிலும் நின்றது. வீட்டுத் தொலைக்காட்சி மங்கினால் குடும்பத் தலைவர் வால்வுகளைப் பிடுங்கிக் காகிதப் பையிலிட்டுக் கொண்டுபோவார். எந்திரத்தின் சாக்கெட்டில் ஒவ்வொன்றாகச் செருகி, பட்டியலைப் பார்த்துத் திருகிகளைத் திருப்பி, முள் பச்சையில் நிற்கிறதா சிவப்பில் நிற்கிறதா என்று பார்ப்பார். எந்திரத்தின் அடியில் பூட்டிய அலமாரியில் புதிய வால்வுகள் விற்பனைக்கு இருந்தன. சோதிப்பவரும் விற்பவரும் ஒருவரே என்ற இந்த ஏற்பாட்டில் எத்தனை நல்ல வால்வுகள் குப்பைக்குப் போயின என்பதைக் கற்பனைக்கே விட வேண்டும். கிதார்க் கலைஞர்களும் அதே எந்திரத்திடம்தான் சென்றனர். அது எதிர்மின்வாய் எலக்ட்ரான்களை உமிழ்கிறதா என்பதை மட்டும் குறைந்த மின்னழுத்தத்தில் அளந்தது. ஆம்ப்ளிஃபயருக்குள் அதே வால்வு 400 வோல்ட்டையும் தாண்டிய அழுத்தத்தில், பக்கத்திலேயே ஒலிபெருக்கி அதிர, வேலை செய்ய வேண்டியிருந்தது. பச்சையில் நின்ற வால்வு மேடையில் கரகரப்பது இயல்பே. கிளீவ்லாந்தின் ஹிக்கொக், இங்கிலாந்தின் ஆவோ போன்ற நிறுவனங்களின் சோதனைக் கருவிகள் கிரிட்டில் ஏற்படும் மாற்றம் மின்னோட்டத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அளந்து மேலும் நம்பகமான விடை தந்தன. ஆனால் அவை பழுதுபார்ப்பவரின் மேசையில்தான் இருந்தன.

எந்திரம் தவறவிட்டதை ஈடுசெய்ய உருவான முறை மிக எளியது. நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு 12ஏஎக்ஸ்7ஐக் கையில் வைத்துக்கொண்டு, கருவியை அணைத்து, முதல் சாக்கெட்டில் உள்ளதை எடுத்து அதைச் செருகிக் கேட்பது. இரைச்சல் தொடர்ந்தால் பழையதை அதே இடத்தில் திருப்பி வைத்து அடுத்த சாக்கெட்டுக்குச் செல்வது. எந்த இடத்தில் இரைச்சல் நின்றதோ அங்கிருந்து எடுத்ததே குற்றவாளி. இயங்கும்போது பென்சில் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுவது இன்னொரு வழக்கம். உள்ளுறுப்புகள் தளர்ந்த வால்வு ஒலிவாங்கியாக மாறித் தட்டலை ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்லும், சில வேளை மணிபோல் ஒலிக்கும். ஒலியளவைக் குறைத்தாலும் போகாத இரைச்சல், ஒலியளவுத் திருகிக்குப் பின்னுள்ள கட்டத்தில் பிழையைத் தேடச் சொல்லும். இணையாக இயங்கும் இரு வெளியீட்டு வால்வுகளில் ஒன்று தளர்ந்தால், அவை ஒன்றையொன்று ஈடுசெய்து அடக்கிவந்த ரீங்காரம் மேலெழும். வெளியீட்டு வால்வின் உலோகத் தகடு சிவந்து எரிந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தின் அடையாளம். கண்ணாடியை ஒட்டிய நீல ஒளியோ பெரும்பாலும் தீங்கற்றது. அதைக் கண்டு அஞ்சி எத்தனையோ நல்ல வால்வுகள் மாற்றப்பட்டிருக்கின்றன.

இவற்றில் எதற்கும் மின்னணுவியல் பட்டம் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு வகைத் தேய்வு இம்முறைக்கும் பிடிபடாது. வெளியீட்டு வால்வுகள் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூர்மை இழக்கும்போது, தினமும் வாசிப்பவரின் காது அத்தளர்வுக்குப் பழகிவிடுகிறது. புதிய இணை பொருத்தப்பட்ட பிறகே பழையது எவ்வளவு மங்கியிருந்தது என்பது தெரிய வருகிறது. பழுதை நீக்கிய பின்னர்தான் பழுது இருந்ததை அறிய முடிகிறது என்ற இந்த விசித்திரம் அளவீட்டுக்கும் அனுபவத்துக்கும் இடையிலான நெடுநாள் வழக்கில் ஒரு முக்கியச் சாட்சி.

வெளியீட்டு வால்வுகளிடம்தான் கலைஞரின் கையிலிருந்து அதிகாரம் நழுவியது. 12ஏஎக்ஸ்7ஐச் செருகினால் வேலை முடிந்தது. 6எல்6 அல்லது இஎல்34 அப்படியன்று. வால்வு ஓய்வு நிலையில் எவ்வளவு மின்னோட்டத்தை விட வேண்டும் என்பதை கிரிட்டுக்குத் தரும் எதிர் மின்னழுத்தம் முடிவு செய்கிறது. பழுதுபார்ப்போர் வழக்கில் இது ‘பயாஸ்’. வோக்ஸ் ஏசி30 போன்ற கருவிகளில் எதிர்மின்வாயில் உள்ள மின்தடை இதைத் தானாகச் சரிசெய்துகொள்கிறது. அந்த வசதிக்கு விலை உண்டு. ஏசி30இன் நான்கு இஎல்84 வால்வுகள் தமக்கு வகுத்த 12 வாட் வரம்பின் விளிம்பிலேயே எரிகின்றன. ஃபெண்டர், மார்ஷல் கருவிகள் பலவற்றில் பயாஸை மனிதர்தான் அமைக்க வேண்டும். இம்முறைக்கு ‘நிலையான பயாஸ்’ என்று பெயர் வந்தது பெயரிடலின் நகைச்சுவை. புதிய இணை பழையதை விட அதிக மின்னோட்டம் இழுத்தால் சில நாட்களிலேயே எரிந்துபோகும். அளந்து திருத்த உட்பெட்டியைத் திறக்க வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் ஆளைக் கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கும். பெட்டிச் சுவரின் காகிதம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாற்றம் ஓசையையே மாற்றியதற்கும் சான்று உண்டு. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பாஸ்மேனைப் பின்பற்றித் தன் முதல் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கியது. சில ஆண்டுகளில் அது இஎல்34க்கு மாறியது. 1970களில் அமெரிக்கா சென்ற மார்ஷல்களில் இஎல்34 அடிக்கடி பழுதானதால், அங்கு விற்பனைக்குப் பொறுப்பானவர்கள் அவற்றுக்குப் பதிலாக உறுதியான 6550ஐப் பொருத்தச் செய்தனர். உத்தரவாதச் செலவைக் குறைக்க எடுத்த முடிவு ஒரு கண்டத்தின் ராக் இசைக்கே வேறொரு இறுக்கமான ஓசையைத் தந்தது. இசை வரலாற்று நூல்கள் கலைஞரின் விரல்களைப் பேசும் அளவுக்கு இத்தகைய கிடங்கு முடிவுகளைப் பேசுவதில்லை.

டிரான்சிஸ்டர் பரவியதும் மருந்துக்கடை எந்திரங்கள் மறைந்தன. மேற்கத்திய வால்வு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பெருவெள்ளம் வடிந்தபின் குடத்துடன் நின்றவரே முதன்மை வாடிக்கையாளர் ஆனார். சோதிக்கும் அதிகாரமும் விற்பனையாளரிடம் குவிந்தது. 1970களின் இறுதியில் தோன்றிய குரூவ் டியூப்ஸ், பிறர் செய்த வால்வுகளை அளந்து இணை சேர்த்து 1 முதல் 10 வரை எண்ணிட்டு விற்றது. அதே எண்ணை மீண்டும் வாங்கினால் பயாஸைத் தொட வேண்டியதில்லை என்பது வாக்குறுதி. மேசா பூகி தன் கருவிகள் பலவற்றில் பயாஸ் திருகியையே வைக்காமல், தான் தேர்ந்து வண்ணக் குறியிட்ட வால்வுகளைப் பயன்படுத்தச் சொன்னது. இது வசதிதான். எனினும் மருந்துக்கடையில் பச்சையையும் சிவப்பையும் தானே பார்த்தவர் இப்போது ஓர் எண்ணை நம்பினார்.

பெயர்களும் நம்பகத்தை இழந்தன. நியூயார்க்கின் மைக் மேத்யூஸ் 1980களின் இறுதியில் சோவியத் வால்வுகளைச் சோவ்டெக் என்ற பெயரில் இறக்குமதி செய்தார். அவற்றில் ‘5881’ என்று விற்கப்பட்டது உண்மையில் 6பி3எஸ்-இ என்ற சோவியத் வால்வு. ரஷ்யாவின் சரத்தோவ் ஆலை, ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனாவின் ஷுகுவாங் ஆகிய மூன்றுமே அதன்பின் உலகத்தின் கிதார் ஆம்ப்ளிஃபயர்களைப் பெரிதும் தாங்கி வந்தன. 2022 மார்ச்சில் உக்ரைன் போரையொட்டி ரஷ்யா ஏற்றுமதித் தடை விதித்தபோது சரத்தோவ் வால்வுகள் சில வாரங்கள் நின்றன. விலை ஏறியது. தேய்ந்ததை மாற்றுவதா, இன்னும் சில மாதம் ஓட்டுவதா என்ற கேள்வி மேசையிலிருந்து புவி அரசியலுக்குத் தாவியது.

இந்தியாவுக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. 1954இல் பெங்களூரு ஜாலஹள்ளியில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு உற்பத்தியைத் தொடங்கியது. இறக்குமதியைச் சாராமல் நாட்டின் ரேடியோக்கள் பாட வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ‘வால்வு ரேடியோ’ என்று தமிழ் வீடுகள் அழைத்த பெட்டியைச் சரிசெய்த மெக்கானிக்குகளும் நல்ல வால்வு ஒன்றைக் கையில் வைத்து, ஒவ்வொரு சாக்கெட்டாக மாற்றிக் கேட்டே பிழையைக் கண்டனர். அந்த ரேடியோக்கள் பெரும்பாலும் பழைய இரும்பாகிவிட்டன. பெல் முத்திரை பதித்த இஎல்84 வால்வுகளோ இன்றும் வெளிநாட்டுப் பழைய இருப்பு வணிகர்களின் பட்டியலில், சோதனை அளவீடு எழுதப்பட்டு, ஏசி30 வைத்திருப்போருக்காகக் காத்திருக்கின்றன.