பினிசி: சரக்குக் கப்பல் உல்லாசப் படகான கதை

இந்தோனேசியாவின் தெற்கு சுலவேசியில், தானா பேரு என்ற ஊரில் கப்பல் கட்டும் இடத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தென்னைகளுக்கும் அலைக்கும் நடுவே, வெறும் மணலில் முட்டுக் கொடுத்து மரக்கப்பல்கள் எழும்பி நிற்கின்றன. இரண்டு பாய்மரமும் ஏழு பாயும் கொண்ட பினிசி பிறக்கும் கரை இது. இங்கிருந்து சுமார் 330 கிலோமீட்டர் தெற்கே, புளோரஸ் தீவின் மேற்கு முனையில் லாபுவான் பாஜோ துறைமுகம் இருக்கிறது. அங்கே பதினைந்து இருபது பேர் சேர்ந்து ஒரு முழுக் கப்பலை ஒரு நாள் வாடகைக்குப் பேசி, கொமோடோ தீவுகளைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். அவர்கள் ஏறுவதும் பினிசிதான். சரக்கு சுமக்கப் பிறந்த ஒரு கப்பல், விடுமுறைக்கு வந்தவர்களைச் சுமக்கும் கப்பலாக மாறியதற்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது.

பினிசியின் பிறப்பு ஏராவில் தொடங்குகிறது. ஏரா என்பது கப்பலின் அடியில் அணியத்திலிருந்து பின்புறம்வரை நீண்டு கிடக்கும் முதுகெலும்பு. அதற்கு உலின் என்கிற இரும்பு மரம் வேண்டும். போர்னியோ காடுகளில் மிக மெதுவாக வளரும் மரம் அது. தண்ணீரில் போட்டால் மிதக்காது, அவ்வளவு கனம். கப்பற்புழுவும் அதை எளிதில் துளைத்துவிட முடியாது. மரம் தேடிக் கிளம்புவதற்கே மாதத்தின் 5ஆம் நாளோ 7ஆம் நாளோ பார்ப்பது வழக்கம். ஐந்து என்றால் நல்வினை கைக்கு வந்துவிட்டது, ஏழு என்றால் அது வந்துகொண்டே இருக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

ஏராவைக் கிடத்தியதும் அதன் இரண்டு முனைகளையும் அறுப்பார்கள். ரம்பத்தை வைத்தால் துண்டு விழும்வரை கையை எடுக்கக் கூடாது. அதனால் நல்ல தெம்புள்ள ஆளைத்தான் அந்த வேலைக்கு நிறுத்துவார்கள். முன்முனைத் துண்டு கடலுக்குப் போகிறது. பின்முனைத் துண்டு கரையிலேயே, வீட்டில் தங்குகிறது. கடலோடியும் அவனுக்காக வீட்டில் காத்திருக்கும் மனைவியும் என்று அந்த இரண்டு துண்டுகளுக்கும் பொருள் சொல்கிறார்கள்.

பன்ரிதா லோப்பி என்று அழைக்கப்படும் தலைமைத் தச்சரின் கையில் வரைபடம் இருக்காது. இன்றைய கப்பல் பட்டறைகளில் முதலில் விலாச் சட்டங்களான வங்குகளை நிறுத்திவிட்டு, அதன்மேல் பலகை அடிப்பதுதான் முறை. இங்கே தலைகீழ். பலகைகளை முதலில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி உடலை உருவாக்கிவிட்டு, பிறகுதான் உள்ளே வங்குகளைப் பொருத்துகிறார்கள். பலகையின் விளிம்பில் வரிசையாகத் துளை போடுகிறார்கள். அந்தத் துளைகளில் மரமுளைகளை அடித்து நிறுத்துகிறார்கள். அடுத்த பலகையின் கீழ்விளிம்பிலும் அதே இடைவெளியில் துளைகள் இருக்கும். அதைத் தூக்கி முளைகளின்மேல் இறக்கி, இரண்டு விளிம்பும் கவ்விக்கொள்ளும்வரை சம்மட்டியால் அடித்து இறுக்குகிறார்கள். எத்தனையாவது பலகை எவ்வளவு வளைய வேண்டும் என்பது தலைமைத் தச்சரின் மனக்கணக்கு. அவருக்கு அது அப்பாவிடமிருந்தும் மாமனிடமிருந்தும் வந்தது.

உடல் முடிந்ததும் கலப்பத்து. பலகைகளின் இடுக்குகளில் மரப்பட்டை நாரை வைத்து, உளி போன்ற கருவியால் உள்ளே திணித்து அடித்து, மேலே சுண்ணாம்பும் தேங்காயெண்ணெயும் கலந்த பிசினைப் பூசுகிறார்கள். கடலில் இறங்கிய பிறகு மரம் நீர் குடித்து உப்பும். அப்போது நார் இன்னும் இறுகிக்கொள்ளும். பிறகு ஊரே திரண்டு, பாட்டோடு வடம் பிடித்துக் கப்பலைக் கடலுக்கு இழுக்கிறது. பெரிய கப்பலென்றால் கடல் தொடுவதற்குப் பல நாளாகும். இப்போது சங்கிலிக் கப்பிகளும் துணைக்கு வந்துவிட்டன.

ஆரா, லெமோ லெமோ, பிரா ஆகிய அண்டை ஊர்களுக்கு இந்தத் தொழில் எப்படி வந்தது என்பதற்கு லா கலிகோ காப்பிய நாயகன் சாவேரிகாடிங்கின் கதையைச் சொல்கிறார்கள். அவன் கப்பல் உடைந்து, அதன் பாகங்கள் இந்த ஊர்க் கரைகளில் ஒதுங்கினவாம். அந்தப் பாகங்களை ஒன்றுசேர்த்தவர்கள் தச்சர்களும் கடலோடிகளும் ஆனார்களாம். கதை பழையது, ஆனால் பினிசி என்ற பாயமைப்பு அவ்வளவு பழையது அல்ல. மேலைநாட்டு ஸ்கூனர் கப்பல்களின் பாய்களைப் பார்த்து, உள்ளூர் உடலோடு அவற்றைப் பொருத்தி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மக்கள் உருவாக்கிய வடிவம் அது. பார்த்ததைத் தம் கைக்கும் கடலுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்வது அவர்கள் மரபிலேயே ஊறிய குணம். அந்தக் குணம்தான் பின்னாளில் பினிசியைக் காப்பாற்றியது.

பினிசிக்கும் முன்னால் இதே கரைகளிலிருந்து போன படேவாகாங் கப்பல்கள் மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து டிசம்பர் வாக்கில் ஆஸ்திரேலியாவின் வடகரைக்குச் சென்றன. அங்கே கடல் அட்டை பிடித்து, அவித்து, உலர்த்தி, காற்று திரும்பியதும் மக்காசர் வந்து சேர்ந்தன. சீனச் சந்தைக்குப் போன அந்த வணிகம் 1907இல் நின்றது. அந்தக் கடலோடிகளின் வாரிசுகளான பூகிஸ், மக்காசர், மண்டார் மக்கள் பினிசியில் தீவுக்குத் தீவு சரக்கு கொண்டுபோனார்கள். காலிமந்தானிலிருந்து மரம் ஜாவாவுக்கு வரும். திரும்பும்போது அரிசி, சிமெண்ட், வீட்டுச் சாமான்கள் போகும். ஜகார்த்தாவின் சுந்தா கெலாப்பா துறைமுகத்தில் வரிசையாக நின்ற பினிசிகளுக்கும் கரைக்கும் நடுவே ஒடுங்கிய பலகை ஒன்று கிடக்கும். கூலியாட்கள் தோளில் மரத்தோடு அதன்மேல் நடந்தே கப்பல் கப்பலாக இறக்கினார்கள்.

1970களில் இயந்திரம் வந்தது. காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றானதும் பாய்கள் குறைந்தன, பாய்மரங்கள் குட்டையாயின, உடல் பெருத்தது. 1986இல் பினிசி நுசாந்தரா என்ற கப்பல் ஜகார்த்தாவிலிருந்து பசிபிக்கைக் கடந்து கனடாவின் வான்கூவரை அடைந்து, உலகக் கண்காட்சியில் நின்றது. 1992இல் வெளியான 100 ரூப்பியா நோட்டில் பினிசியின் படம் ஏறியது. நாட்டின் பெருமையாக அது கொண்டாடப்பட்ட அதே ஆண்டுகளில் அதன் பிழைப்பு சரிந்துகொண்டிருந்தது. எஃகுக் கப்பலும் கண்டெய்னரும் சரக்கைப் பறித்துக்கொண்டன.

அப்போதுதான் புதிய வாடிக்கையாளர் வந்தார். பவளப்பாறைகளில் முக்குளிக்க வந்த வெளிநாட்டவருக்குக் கப்பலிலேயே தங்கிச் சுற்றும் வசதி தேவைப்பட்டது. பினிசியின் அகன்ற தளமும் ஆழமான உடலும் அதற்கு வாகாக இருந்தன. சரக்கு அறை படுக்கையறை ஆனது. மூட்டை கிடந்த தளத்தில் சாய்வு நாற்காலி வந்தது. 1980இல் தேசியப் பூங்காவாகவும் 1991இல் உலகப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்ட கொமோடோவுக்குக் கூட்டம் பெருகப் பெருக, லாபுவான் பாஜோ துறைமுகத்தில் பினிசிகளும் பெருகின. 2017இல் தெற்கு சுலவேசியின் பினிசி கட்டும் கலையை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தானா பேரு, பிரா, பத்து லிசின் ஆகிய ஊர்களில் சுமார் 70 சதவீதம் பேர் கப்பல் கட்டுவதையும் கடலோடுவதையும் நம்பி வாழ்கிறார்கள் என்று அந்தப் பதிவு சொல்கிறது. அந்த ஊர்களின் அடுப்பு எரிவதில் இன்று சுற்றுலாப் பயணிகள் கொடுக்கும் வாடகைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு நாள் வாடகை என்றால் என்ன கிடைக்கும்? தனித்தனியாகச் சீட்டு வாங்கி முன்பின் தெரியாதவர்களோடு போவது ஒரு வகை. முழுக் கப்பலையும் பேசிக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவதில் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பது குழுவின் விருப்பம். கப்பித்தான், இயந்திரக்காரர், சமையற்காரர், மாலுமிகள், வழிகாட்டி என்று கப்பலோடு ஆட்களும் வருகிறார்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் தனி. முன்பே கேட்டுத் தெளிவது நல்லது.

பினிசி மெதுவான கப்பல். பிரபலமான படார் தீவு லாபுவான் பாஜோவிலிருந்து நேர்க்கோட்டில் 35 கிலோமீட்டருக்கு மேல். போகவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் எல்லாத் தீவையும் தொட்டுவிட வேண்டும் என்று நினைக்கும் குழுக்கள் விரைவுப் படகில் போவதே சரி. பினிசியில் போகிறவர்கள் அதன் வேகத்துக்குள் அடங்கும் நாளைத் திட்டமிட வேண்டும். காலையில் கெலோர் தீவின் சிறு குன்றில் ஏறி இறங்கி ஒரு குளியல். மதியச் சாப்பாட்டை ஓடும் கப்பலிலேயே முடித்துக்கொண்டு ரிஞ்சா தீவு. அங்கே கவைக்கொம்போடு முன்னே நடக்கும் வனக்காவலருடன் மூன்று மீட்டர்வரை வளரும் கொமோடோ உடும்பைப் பார்க்கலாம். திரும்பும் வழியில் காலோங் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டால், பொழுது சாயும்போது அலையாத்தி மரங்களிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வானத்தைக் கடப்பதைத் தளத்தில் இருந்தபடியே காணலாம்.

பயணிகள் கவனிக்க வேண்டிய முக்கியமான மாற்றம் ஒன்று கப்பலின் உடலுக்குள் இருக்கிறது. சரக்குக் காலத்தில் எடை எல்லாம் அடியில் கிடந்தது. மரமும் அரிசி மூட்டையும் கப்பலைக் கீழ்நோக்கி இழுத்து நிறுத்தின. விருந்தினர் காலத்தில் அடி காலியானது. எடை மேலே போனது. தளத்தின்மேல் அறை, அதன்மேல் இன்னொரு அறை, அதற்கும் மேல் வெயில் காயும் மாடி, தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனம். அடியில் போதிய பாரம் வைத்து ஈடுகட்டாவிட்டால், பக்கவாட்டில் அலை மோதும்போது கப்பல் சாய்ந்து மீள்வதற்குத் திணறும். கொமோடோவைச் சுற்றியிருப்பது குளம் அல்ல. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் நீரோட்டம் இந்தத் தீவுக் கணவாய்களின் வழியாகவும் பாய்கிறது. சாப்பே, லிந்தா கணவாய்களில் ஓத ஏற்றமும் வற்றமும் மாறும் வேளையில் நீர் சுழித்து ஓடும். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை மேற்குப் பருவக்காற்று வேறு. இந்தக் கடலில் சுற்றுலாக் கப்பல்கள் மூழ்கியதும் தீப்பிடித்ததும் உண்டு.

ஆகவே துறைமுக அதிகாரி தரும் பயண அனுமதியும், ஏறியவர்கள் அனைவரின் பெயரும் உள்ள பட்டியலும் வெறும் சடங்கு அல்ல. வானிலை மோசமானால் துறைமுக அலுவலகம் அனுமதியை நிறுத்திவைக்கிறது. அப்படி நிறுத்திய நாளில் 'பக்கத்தில்தானே, போய்விட்டு வந்துவிடலாம்' என்று கப்பித்தானை நெருக்கும் குழு, அவருடைய அறிவை எதிர்த்துப் பேசுகிறது. அட்வான்ஸ் பணத்தைத் திரும்பக் கேட்பது நியாயம். கப்பலைக் கிளப்பச் சொல்வது நியாயம் இல்லை.

மரத்தின் கணக்கும் இருக்கிறது. உலின் அழியும் ஆபத்துக்குள்ளான மரங்களில் ஒன்று. காடு சுருங்கியதால் நல்ல நீளமான ஏராக்கட்டை கிடைப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிறது. மாடிமேல் மாடி வைத்த பெரிய கப்பல்களுக்குத் தேவை கூடினால் காடு இன்னும் வேகமாகக் குறையும். அதற்கு மாற்று, இருக்கும் கப்பலை நன்றாகப் பராமரிப்பது. ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றி, பாசி சுரண்டி, கெட்ட பலகையை மாற்றி, புதிதாகக் கலப்பத்து அடித்தால் மரக்கப்பல் பல பத்தாண்டுகள் ஓடும். அந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறவர் குறைந்த வாடகைக்குக் கப்பலைத் தர முடியும். செய்கிறவரால் முடியாது.

இங்கேதான் வாடகைக்கு எடுப்பவரின் பொறுப்பு வருகிறது. சரக்கு வணிகம் இருந்தபோது பினிசியின் உருவத்தை முடிவு செய்தது மரமும் அரிசியும். இப்போது முடிவு செய்வது பயணிகளின் ஆசை. மாடி கேட்டால் மாடி கட்டப்படுகிறது. படத்துக்காக மட்டும் பாய் போதும் என்றால் பாய் வெறும் அலங்காரம் ஆகிறது. பாய் விரிக்கத் தெரிந்த மாலுமியும் அதோடு மறைகிறார். முன்பணம் கொடுக்கும் முன் சில கேள்விகளைக் கேட்கலாம். கடைசியாக எப்போது கரையேற்றிக் கலப்பத்து அடித்தீர்கள்? எத்தனை பேருக்கு அனுமதி? அத்தனை பேருக்கும் உயிர்காப்பு உடை இருக்கிறதா? பவளத்தின்மேல் படாமல் எங்கே நங்கூரம் போடுவீர்கள்? காற்று இருந்தால் பாய் விரிப்பீர்களா?

ஒரு குழு கேட்டால் அது விசாரிப்பு. வருகிற குழுவெல்லாம் கேட்டால் அது தொழிலின் விதி ஆகிவிடும். ஸ்கூனர் பாயைப் பார்த்துத் தமதாக்கிக்கொண்ட தச்சர்கள், இயந்திரத்துக்கும் இடம் கொடுத்த தச்சர்கள், தாழ்ந்த தளமும் உறுதியான உடலும் உண்மையாகவே ஓடும் பாயும் வேண்டும் என்று சொன்னால் அதையும் கட்டித் தருவார்கள். அதற்குரிய வாடகையைக் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும்.