கழற்றும் கட்டளை கடந்து வந்த தூரம்

லினக்ஸ் கணினியின் பீப் சத்தத்தை ஆர்எம்மாட் கட்டளையால் அடக்கியவர்கள் பலர். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து ஒரு மாட்யூல் கழன்றுவிடுகிறது; கணினியோ நிற்காமல் ஓடுகிறது. இந்த வசதிக்கு நெடிய கதை உண்டு.

1970களின் யூனிக்ஸில் டிரைவர்கள் கெர்னலோடு ஒன்றாகப் பிணைந்திருந்தன. ஒன்றை நீக்க வேண்டுமானால் கெர்னலையே மறுபடி கட்டி ரீபூட் செய்ய வேண்டும். பலர் பகிர்ந்துகொண்ட கணினியில் அத்தனை பேர் வேலையும் நின்றுபோகும்.

பிறகு கலிபோர்னியாவின் சன் நிறுவனம் தன் சன்ஓஎஸ் 4 வரிசையில் மாட்லோட், மாட்அன்லோட் என்ற கட்டளைகளைத் தந்தது. 1993இல் பிறந்த நெட்பிஎஸ்டி அதைப் பார்த்து, பெயரைக்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டியும் அதே வழியில் தொடங்கி, 1998இல் கேஎல்டிஅன்லோடுக்கு மாறியது.

லினக்ஸ் வேறு பெயர்கள் சூட்டிக்கொண்டது. 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் மாட்யூல்கள் இருந்தன. பிறகு வந்த கெர்னல்டி என்ற நிரல், தேவைப்படும் மாட்யூலை ஏற்றியது. சும்மா கிடப்பதைத் தானே கழற்றவும் செய்தது. 1999இல் வந்த 2.2 பதிப்பு ஏற்றும் வேலையை மட்டும் கெர்னலுக்குள் கொண்டுபோனது. கழற்றும் வேலை, குறித்த நேரங்களில் கட்டளைகளை ஓட்டும் கிரானுக்குப் போயிற்று: சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆர்எம்மாட்டை ஓட்டச் சொன்னது கெர்னலின் சொந்த ஆவணமே!

ஏற்றுவது எளிது, கழற்றுவதுதான் ஆபத்து. மாட்யூலை யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணிப் பார்த்த மறுகணமே ஒரு செயலி அதற்குள் நுழைந்துவிடலாம். அப்போது அதை நீக்குவது நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டுவதுதான். 2002இல் ஒட்டாவாவில் கெர்னல் உருவாக்குநர்கள் கூடியபோது, ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸல் கழற்றும் வசதியையே கைவிடலாம் என்று யோசனை சொன்னார். வசதி பிழைத்தது, அவரே மாட்யூல் அமைப்பைத் திருத்தி எழுதினார். கழற்றும் முன் எல்லாச் செயலிகளையும் கணநேரம் நிறுத்திவிட்டு எண்ணிக்கை பார்க்கும் வழி அப்படித்தான் வந்தது. கழற்றும் வசதியே இல்லாமல் கெர்னலைக் கட்டிக்கொள்ளவும் வழி பிறந்தது.

ஓபன்பிஎஸ்டி 2015இல் வெளியான 5.7 பதிப்பில் மாட்யூல்களையே விட்டுவிட்டது. லினக்ஸிலோ 2011இன் இறுதியில், பிரேசிலின் புரோஃப்யூஷன் நிறுவனத்திலிருந்து கேமாட் என்ற நிரல் வந்தது. இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் கழற்றும் ஆர்எம்மாட், ஏற்றும் மாட்புரோப் இரண்டுமே அந்த ஒரே நிரலின் வேறு பெயர்கள்தான்.

'பயன்பாட்டில் உள்ளது' என்று ஆர்எம்மாட் மறுத்தால், முதலில், மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட்டின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். எந்த மாட்யூல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அங்கே தெரியலாம். வலுக்கட்டாயமாகக் கழற்றினாலோ, ரீபூட் செய்யும்வரை கெர்னல் தன்மேல் ஓர் 'ஆர்' குறியைச் சுமந்திருக்கும்.